உடம்பைக் கழற்றிப் போட்ட நத்தை

புதன்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்ட சபிஹா, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை மேல் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக அவள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துவந்த கடல் நத்தை பாத்திரத்தின் அடியில் அசையாமல் கிடந்தது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்குத் தலை இல்லை.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

திருவாரூரில் அவள் கலர் மீன் கடை போட்டு ஆறு வருடமாகிறது. கல்லூரியில் விலங்கியல் படித்தவள். கணவர் சித்தீக் கத்தாரில் இருக்கிறார். கடையில் பன்னிரண்டு தொட்டிகள். பதினொன்றில் வியாபாரத்துக்கான நன்னீர் மீன்கள். பன்னிரண்டாவது உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து எதையும் அவள் விற்பதில்லை, ஆசைக்கு வைத்திருக்கிறாள். அதற்கு வேண்டிய கடல் தண்ணீரைக் கோடியக்கரை மீனவர் ரெத்தினம் மாதம் இரண்டு தடவை மீன் வண்டியில் கேன் கேனாக ஏற்றி அனுப்புவார். போன தடவை வந்த கேனுக்குள் பழைய நங்கூரக் கயிறு ஒரு முழம் கிடந்தது. கயிறு முழுக்க இறகு இறகாகப் பச்சைப் பாசி. "மீனுங்க கொறிக்கட்டும்னு போட்டுவிட்டேன்மா" என்று போனில் சொன்னார்.

மறுநாள் அந்தப் பாசியில் ஒரு இலை நடந்தது.

இரண்டு அங்குலம்கூட இருக்காது. நல்ல பச்சை உடம்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். முதுகின் இரண்டு பக்கமும் இறக்கை போல மடிப்பு. மடிப்பின் விளிம்பில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு, அதற்கு வெளியே மை போட்டது மாதிரி கறுப்புக் கோடு. தலையில் முயல் காதுபோல இரண்டு கொம்புகள். வெளிச்சம் பட்டால் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டது. கையை நீட்டி நிழல் காட்டினால் சுருட்டிக்கொண்டது. சபிஹா அன்று மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. பதினாறு போட்டோ எடுத்துத் தன் கல்லூரித் தோழி குந்தவைக்கு அனுப்பினாள். குந்தவை தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளர்; வீடு வலங்கைமானில். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"சபி, இது எங்கடி கிடைச்சுது?"

"கயித்துல ஒட்டிக்கிட்டு வந்துச்சு. என்ன அது?"

"எலிசியான்னு பேரு. ஓடில்லாத கடல் நத்தை. அந்தப் பச்சை அதோட சொந்தப் பச்சை இல்ல, திருட்டுப் பச்சை. பாசியில ஓட்டை போட்டு உள்ள இருக்கறதை உறிஞ்சும். எல்லாத்தையும் செரிச்சுட்டு பச்சையத்தை மட்டும் செரிக்காம உடம்பு முழுக்கப் பரப்பி வச்சுக்கும். அந்தப் பச்சையம் இதோட உடம்புக்குள்ள வந்தும் வெயில்ல வேலை பாத்துக்கிட்டே இருக்கும்."

"பயிரு மாதிரியா?"

"எங்கப்பா வயல்ல சம்பா என்ன பண்ணுதோ அதேதான். ஆனா இது பிராணி. அதனால இதுக்கு எவ்ளோ சாப்பாடு கிடைக்குதுன்னு இன்னும் அடிச்சுக்கிட்டு இருக்காங்க. நீ அதை எதோடயும் சேத்து வைக்காத. தனியா எடுத்து வை."

அன்றிலிருந்து அது மேசை மேல் தனிப் பாத்திரத்தில், அந்தக் கயிற்றுப் பாசியோடு இருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எல்லாருக்கும் பச்சையத்தையும் வெயிலையும் விளக்கிச் சொல்லி அலுத்துப்போன ஒரு சாயங்காலத்தில், "கடல் அட்டை மாதிரி ஒண்ணுன்னு வச்சுக்குங்களேன்" என்று யாரிடமோ சொல்லியும்விட்டாள்.

இப்போது அது தலையில்லாமல் கிடக்கிறது. பாத்திரத்தில் வேறு உயிர் கிடையாது. மேலே வலை மூடியிருந்தது. யார் கடித்திருக்க முடியும்? இரண்டு நாளாக அதன் கழுத்தைச் சுற்றி நூல் கட்டினதுபோல ஒரு மெல்லிய பள்ளம் இருந்ததைப் பார்த்திருந்தாள். அது நோய் என்று தெரியாமல் விட்டுவிட்டோமோ என்று தோன்றியது. உடம்பை எடுத்துவிடலாம் என்று கரண்டியைக் கொண்டுவந்தாள். கரண்டி பட்டதும் உடம்பு சுருங்கியது.

சபிஹா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பாசிக்குள் ஏதோ நகர்வது தெரிந்தது. பச்சரிசி அளவுதான் இருக்கும். இரண்டு கொம்புகள். பின்னால் ஒன்றுமே இல்லை. தலை மட்டும் தனியாக, ஒரு அவசரமும் இல்லாமல், பாசியின் கிளையில் ஏறிக்கொண்டிருந்தது.

லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தாள். தலை ஒரு இழையின் மேல் வாயை வைத்தது. இழைக்குள் இருந்த பச்சை மெதுவாக நகர்ந்து வாய்க்குள் போனது. இழை வெறும் கண்ணாடிக் குழாயாக வெளுத்தது. தலை அடுத்த இழைக்குப் போனது.

குந்தவை போனை எடுத்தபோது பின்னால் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது.

"வயல்ல நிக்கிறேன்டி, இன்னிக்கு நடவு. என்ன?"

"தலை தனியா நடக்குது."

"யாரு தலை?"

"நத்தையோட தலை. உடம்பைக் கழட்டிப் போட்டுட்டு தனியா நடக்குது. சாப்பிடுது. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், சாப்பிடுது."

குந்தவை ஆட்களை விட்டுத் தள்ளி வந்தாள்; பேச்சுச் சத்தம் குறைந்தது. "உடம்போட முதுகுல, கழுத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன மேடு இருக்கும். துடிக்குதா பாரு."

"துடிக்குது."

"அது இதயம். தலையில அப்படி ஏதாச்சும் துடிக்குதா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப இதயமே இல்லாம நடக்குது." குந்தவையின் குரல் உயர்ந்தது. "சபி, சில வருஷத்துக்கு முன்ன ஜப்பான்ல ஒரு லேப்ல வளர்த்த நத்தை இப்படிப் பண்ணுச்சு. நான் வீடியோலதான் பாத்திருக்கேன். அந்தத் தலையிலேருந்து உடம்பு திரும்ப முளைச்சுது. மொத்த உடம்பும். தண்ணி மாத்தாத, எதையும் தொடாத. நான் அடுத்த பஸ்ஸுல வர்றேன்."

பதினொன்றரை மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் மைக்ராஸ்கோப். வணக்கமும் இல்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. உடம்பை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"கடை ஓனர் யாருங்க?" என்று வாசலில் குரல் கேட்டது.

காக்கி உடுப்பில் ஒரு பெண் நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, கையில் ஒரு ஃபைல். வனத்துறையில் வனவர் என்றும் பெயர் பிரகதாம்பாள் என்றும் சொன்னார்.

"இங்க கடல் அட்டை வச்சிருக்கறதா ஒரு போன் வந்துச்சு. அதைப் பிடிக்கறதும் குத்தம், வச்சிருக்கறதும் குத்தம். தெரியும்ல?"

சபிஹாவுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. "நான்தான் மேடம் அப்படி வாய்தவறிச் சொன்னேன். இது அட்டை இல்ல. நத்தை."

பிரகதாம்பாள் மேசைக்கு வந்தார். பாத்திரத்தில் தலையில்லாத உடம்பு கிடப்பதைப் பார்த்தார். கடல் அட்டையைக் கடத்துகிறவர்கள் அதன் வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, அவித்துத்தான் காயவைப்பார்கள். அவர் முகம் மாறியது.

"தலையை வெட்டியாச்சா?"

"நாங்க வெட்டல மேடம்" என்றாள் சபிஹா. "அதுவா கழட்டிருச்சு."

"அதுவா கழட்டிருச்சு." பிரகதாம்பாள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல எவ்வளவோ கதை கேட்டிருக்கேன்மா. இது புதுசு." பையிலிருந்து மூடி போட்ட ஒரு பாட்டிலை எடுத்தார். திறந்ததும் ஃபார்மலின் நெடி அடித்தது. "தலை எங்க? அதையும் இதையும் இதுல போடுங்க. நிபுணருக்கு அனுப்பணும்."

சபிஹா இரண்டு பாத்திரத்தின் மேலும் கையை வைத்துக்கொண்டாள். "போட்டா செத்துடும் மேடம்."

"தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் கிடக்கு. இதுக்கு மேல என்னம்மா சாவறதுக்கு?"

குந்தவை சட்டத்தைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தாள். சபிஹா அவளை நிறுத்திவிட்டு லென்ஸை பிரகதாம்பாளிடம் நீட்டினாள். "ஒரே ஒரு நிமிஷம் பாருங்க. அப்புறம் என்ன செய்யணுமோ செய்யுங்க."

பிரகதாம்பாள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டும் போனது.

"மேயுது" என்றார், நிமிராமல். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வயிறு எங்க இருக்கு இதுக்கு?" என்றார்.

"அந்தப் பாத்திரத்துல" என்றாள் குந்தவை.

பிரகதாம்பாள் அந்தப் பாத்திரத்தைப் பார்த்தார். திரும்ப இந்தப் பாத்திரத்தைப் பார்த்தார். பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார்.

போட்டோவும் வீடியோவும் நிபுணருக்குப் போகும், பதில் வரும்வரை பாத்திரங்கள் இந்த மேசையை விட்டு நகரக்கூடாது என்று எழுதி சபிஹாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து பாப்பேன். காணும்னா உங்களைத்தான் கேப்பேன்."

மறுநாளே கழுத்துக் காயம் மூடிவிட்டது. நான்காம் நாள் தலைக்குப் பின்னால் கடுகளவு ஒரு மொட்டு. குந்தவை தினமும் கல்லூரி முடிந்து தஞ்சாவூரிலிருந்து நேராகத் திருவாரூருக்கு வந்து, மொட்டை அளந்து, நோட்டில் எழுதிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வலங்கைமான் போனாள். பிரகதாம்பாள் சொன்னபடி இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தார். ஏழாம் நாள் அவர் வரவேண்டிய நாள் இல்லை. காலையிலேயே சேலையில் வந்து நின்றார். "இந்தப் பக்கம் மார்க்கெட்டுக்கு வந்தேன்" என்றார். அவர் கையில் பை இல்லை.

முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

"இங்க பாரும்மா. இந்த மேட்டுல. என் கண்ணுதான் ஆடுதா?"

சபிஹா மைக்ராஸ்கோப்பைத் திருப்பினாள். கண்ணாடி போன்ற தோலுக்கு அடியில், ஊசிமுனை அளவு இடத்தில், ஏதோ சுருங்கி விரிந்தது. நின்றது. மறுபடி சுருங்கியது.

"துடிக்குது மேடம். புதுசா வந்துருச்சு."

இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். மீன் தீனி வாங்க வந்த ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தானே எடுத்துக்கொண்டு போனார். பக்கத்துப் பாத்திரத்தில் பழைய உடம்பின் பழைய இதயமும் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

"எதுக்குங்க இப்படிக் கழட்டுது?" என்று அன்று மாலை மறுபடி வந்து குந்தவையிடம் கேட்டார் பிரகதாம்பாள்.

"இதோட சொந்தக்கார இனம் ஒண்ணுல, உடம்புக்குள்ள ஒட்டுண்ணி புகுந்தா, அது உடம்பையே உதறிடுதுன்னு பாத்திருக்காங்க. இது ஏன் கழட்டுச்சுன்னு எனக்குத் தெரியல. எல்லா நத்தையாலயும் முடியாது. வயசான நத்தை கழட்டினா தலை சாப்பிடாம செத்துப்போயிடும். இது சின்ன வயசு."

ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னார்கள். பத்தாம் நாள் பாத்திரத்தில் பாசி தீர்ந்தது. இருந்த இழைகளெல்லாம் வெளுத்துக் கிடந்தன. தலை அவற்றின் மேல் ஏறி இறங்கி, வாயை வைத்து வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தது. சபிஹா கீரையைக் கிள்ளிப் போட்டாள், தொட்டியிலிருந்த வேறு பாசியைப் போட்டாள். எதையும் அது தொடவில்லை.

"அதுக்கு அந்த ஒரு பாசிதான்" என்றாள் குந்தவை. "சேத்து வச்ச பச்சையத்துல நாலஞ்சு நாள் தாக்குப்பிடிக்கும். ஆனா உடம்பு வளராது. பாதி முளைச்ச நிலையில நின்னுடும்."

சபிஹா ரெத்தினத்துக்குப் போன் போட்டாள்.

"போட்டையெல்லாம் கரையேத்தியாச்சும்மா. கயிறு காஞ்சு பாசி செத்துப்போச்சு."

"வேற எங்கண்ணே இருக்கும்?"

"படகுத்துறைத் தூண்ல இருக்கும். தண்ணி வத்தற நேரம் பாத்து இறங்கணும். நாளைக்குப் பதினோரு மணிக்கு வத்தும். ஆனா காத்து சரியில்லைம்மா."

"நான் வர்றேன்ணே."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிரகதாம்பாள், "நாளைக்கு எனக்கு லீவுதான், நானும் வர்றேன்" என்றார். "அங்க பாதி இடம் சரணாலயம். தெரியாம எல்லைக்குள்ள கையை வச்சீங்கன்னா நானே பிடிக்கவேண்டி வரும்."

குந்தவை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டாள். மற்ற இரண்டு பேரும் காலை ஆறரைக்கே பஸ் ஏறினார்கள். திருத்துறைப்பூண்டி வரை வழி நெடுக நடவு வயல்களில் தண்ணீர் ஏறி நின்றது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் வரப்பை வெட்டி வடித்துக்கொண்டிருந்தார்கள். வேதாரண்யத்தில் உப்புக் குவியல்களைக் கீற்றால் மூடியிருந்தார்கள். கோடியக்கரையில் இறங்கியபோது மழை விட்டிருந்தது; காற்று விடவில்லை.

ரெத்தினம் தலையில் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு துறையில் நின்றார். கடல் செம்மண் கரைத்த மாதிரி இருந்தது. "இந்தத் துறை எல்லைக்கு வெளிய" என்று பிரகதாம்பாள் உறுதி செய்தார். ரெத்தினம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முதல் தூணைத் தடவி ஒரு கைப்பிடி கொண்டுவந்தார்.

"இது இல்லண்ணே. இறகு மாதிரி இருக்கணும்."

இரண்டாவது கைப்பிடியும் அது இல்லை. தண்ணீருக்குள் கண் தெரியவில்லை என்றார். சபிஹா தலைத்துணியை இறுக்கி முடிந்துகொண்டு படியில் இறங்கினாள்.

"நீ இறங்காதம்மா."

"கையில பட்டா எனக்குத் தெரியும்ணே."

இத்தனை வருடமாகக் கடல் தண்ணீரைத் தொட்டியில் வைத்துப் பார்த்துவந்தவள், கடலுக்குள் இறங்குவது அதுதான் முதல் தடவை. தண்ணீர் அவளை ஒரு பக்கமாகத் தள்ளியது. ரெத்தினம் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தூணில் சிப்பி அவள் உள்ளங்கையைக் கிழித்தது. நான்காவது தூணில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே, விரல்களுக்கு இடையில் ஈரமான கோழியிறகு போல ஒன்று வழுக்கியது. அவள் அதைப் பற்றினாள். அதே நேரம் ஒரு அலை தலைக்கு மேலே போனது.

இருமிக்கொண்டே எழுந்தாள். இரண்டு கை நிறையப் பச்சை. அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதான்ணே, இதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

படியில் உட்கார்ந்து பாசியைக் கேனுக்குள் அலசியபோது பிரகதாம்பாள் ஒரு கொத்தை விரலால் விலக்கினார். "இது என்ன, ஆரஞ்சு நூலைச் சுருட்டி ஒட்டினாப்புல?"

சபிஹா கிட்டத்தில் பார்த்தாள். கொசுவத்தி போலச் சுற்றிய ஒரு ரிப்பன். அதற்குள் வரிசை வரிசையாகப் பொடி மணிகள். குந்தவை காட்டிய படத்தில் இதே சுருள் இருந்தது.

"முட்டை மேடம். இதோட முட்டை." சபிஹா சுருளைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடித்தாள். "இங்கயே இருக்கு. இங்கயே பொரிக்குது."

"அப்ப அதை எடுக்காதீங்க" என்றார் பிரகதாம்பாள். "இருந்த இடத்துலயே வைக்கணும்." சொல்லிவிட்டு ரெத்தினம் திரும்பத் தண்ணீரில் இறங்கி அந்தக் கொத்தைத் தூணின் பிளவில் சொருகும்வரை நின்று பார்த்தார்.

கடைக்கு வந்து சேர மாலை ஆறாகிவிட்டது. ஈர உடையை மாற்றவும் சபிஹா பொறுக்கவில்லை. ஒரு கிளையை மட்டும் கடல் தண்ணீரில் அலசிப் பாத்திரத்தில் விட்டாள். அரையும் குறையுமாக முளைத்த உடம்போடு நத்தை பாத்திரத்தின் மறுகோடியில் இருந்தது. கொம்புகளை அசைத்தது. திரும்பியது. மூன்று பெண்களும் பார்த்திருக்க, பாத்திரத்தைக் குறுக்கே கடந்து வந்து வாயை வைத்தது. பச்சை நகர்ந்தது.

குந்தவை சபிஹாவின் காயம்பட்ட கையை மறந்துபோய் இறுக்கிப் பிடித்தாள். சபிஹா கத்திய பிறகுதான் விட்டாள்.

அதன்பின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. பதினான்காம் நாள் முதுகில் இரண்டு மடிப்பு. பதினேழாம் நாள் விளிம்பில் ஆரஞ்சுக் கோடு. இருபத்தோராம் நாள், மழை ஓய்ந்து வெயில் மேசை வரை வந்த காலையில், அது இறக்கைகள் இரண்டையும் முழுசாக விரித்துப் படுத்தது. பழைய உடம்பில் பாதிதான் இருந்தது அளவு. ஆனால் ஒன்றும் குறையில்லை. கறுப்புக் கோடும் வந்திருந்தது.

அன்றைக்கே நிபுணரின் கடிதமும் வந்தது. படங்களில் இருப்பது கடல் அட்டை அல்ல, எலிசியா இனத்தைச் சேர்ந்த கடல் நத்தை, தடைப் பட்டியலில் இல்லை என்று இரண்டு வரி. கீழே பேனாவால், தான் நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தார்.

பிரகதாம்பாள் காக்கி உடுப்பில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து ஃபைலை முடிக்க ஆரம்பித்தார். தேதி, இடம், இனம் எல்லாம் எழுதினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது.

"எண்ணிக்கைன்னு ஒரு காலி இடம் இருக்கு. என்ன எழுதறது?"

"ஒண்ணு" என்றாள் குந்தவை.

"ரெண்டு" என்றாள் சபிஹா. "அந்த உடம்பு இன்னும் உசுரோடதான் இருக்கு. காலையிலகூடத் தொட்டேன், சுருங்குச்சு."

"அதுக்குத் தலை முளைக்காதுடி. அது ஒரு பிராணியோட மிச்சம்."

"இதயம் துடிக்கறதை எப்படிடி மிச்சம்ங்கறது?"

"ஒரே பிராணிதானே கயித்துல வந்துச்சு?"

"வந்தப்ப ஒண்ணு. இப்ப எண்ணிப் பாரு."

பிரகதாம்பாள் இரண்டு பேரையும் பார்த்தார். எழுந்து போய் இரண்டு பாத்திரத்தையும் ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து 'ஒன்று' என்று எழுதினார். எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தவர், அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'இரண்டு பாத்திரங்களில்' என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.